வேலையும் உடனிருப்பும்

காலை எட்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அலுவலகப் பையும் சாப்பாட்டுக் கூடையுமாக நிற்பவர்களை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். உள்ளே தாயோ கணவரோ செயற்கைச் சுவாசத்தில் இருப்பார். வெளியே நிற்பவர் சற்று நேரத்தில் வேலைக்குப் புறப்பட்டாக வேண்டும். "விட்டுவிட்டுப் போகலாமா, டாக்டர்?" என்று தயங்கியபடி கேட்பார். பெரும்பாலான நாட்களில் எங்கள் பதில், "போய் வாருங்கள்" என்பதுதான். இது ஆறுதலுக்காகச் சொல்லும் சொல் அன்று.

விடுப்பைப் பங்கிடுங்கள்

பக்கவாதம், தலைக்காயம், கடுமையான நுரையீரல் தொற்று போன்றவை சில நாட்களில் முடிவதில்லை, வாரக்கணக்கில் நீடிக்கலாம். முதல் வாரத்திலேயே விடுப்பு முழுவதையும் செலவிட்டுவிடும் குடும்பங்கள், நோயாளி வீடு திரும்பும்போது திணறுகின்றன. குழாய்வழி உணவூட்டவும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும், இயன்முறைப் பயிற்சி அளிக்கவும் அப்போதுதான் ஆள் தேவைப்படும். ஆகவே சில நாட்களையேனும் அதற்கெனச் சேமித்து வையுங்கள்.

குறுகிய நேரமும் போதும்

தீவிர சிகிச்சையில் இருப்போர் பலருக்கு மனக்குழப்பம் ஏற்படுவதுண்டு. பகலா இரவா என்று தெரியாது; குழாய்களைப் பிடுங்கவும் முயல்வர். மாலைக்குப் பின் இது மிகலாம். பணி முடிந்து வரும் உங்கள் வருகை அந்த வேளையில் பெரிதும் உதவும். கைகளைக் கிருமிநாசினியால் 20 முதல் 30 விநாடிகள் தேய்த்த பின் அருகே செல்லுங்கள். கையைப் பற்றி, இன்று என்ன கிழமை, வீட்டில் என்ன நடந்தது என்று மெதுவாகச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியும் காதொலிக் கருவியும் இருந்தால் கொண்டு வாருங்கள். பதில் வராவிட்டாலும் பேசுங்கள். உங்கள் குரல் கேட்கக்கூடும்.

ஒருவர் பேசட்டும்

மருத்துவர்களிடம் பேசக் குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய கைப்பேசி எண்ணையும், அவர் கிடைக்காவிட்டால் அழைக்க வேண்டிய மற்றொருவரின் எண்ணையும் செவிலியரிடம் கொடுங்கள். பணியிடத்தில் கைப்பேசிக்கு அனுமதி இல்லையெனில் மேற்பார்வையாளரின் எண்ணைத் தாருங்கள். இரவு முழுவதும் கண்விழித்தவர் காலையில் இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டாம், பேருந்தில் செல்லுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி

எல்லோர் மனத்திலும் இருந்தும் பலர் வாய்விட்டுக் கேட்காத அச்சம் ஒன்று உண்டு: "நான் வேலையில் இருக்கும்போது உயிர் பிரிந்துவிட்டால்?" அப்படி நேரவே நேராது என்று எங்களால் உறுதியளிக்க இயலாது. சில முடிவுகள் எங்களுக்கும் முன்னறிவிப்பின்றி வருகின்றன. ஆயினும் பல நேரங்களில் உடல்நிலை சரிவது முன்கூட்டியே தெரியும். எனவே எங்களிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்த வாரம் நான் விடுப்பு எடுக்க வேண்டுமா?" அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டிய நாள், செயற்கைச் சுவாசத்தைத் தொடர்வது பற்றி முடிவெடுக்கும் நாள், இறுதி நெருங்குவதாகத் தோன்றும் நாள் ஆகியவற்றில் "இருங்கள்" என்று நாங்களே சொல்வோம்.

அவ்வாறு சொல்லாத நாளில் வேலைக்குச் செல்வது கைவிடுதல் ஆகாது. மருந்துக்கும் வீட்டு அடுப்புக்கும் பணம் அந்த வேலையிலிருந்துதான் வருகிறது. அதுவும் நோயாளிக்குச் செய்யும் பணிவிடையே. எவ்வளவு முயன்றும் கடைசி நேரத்தில் உடனிருக்க இயலாமல் போனவர்களுக்கும் இதையே சொல்கிறோம்.