குர்த்தியும் கைத்தறியும்

உடை காலத்திற்கேற்ப மாறும் இயல்புடையது. மாறிவிட்டதே என்று வருந்துவதனால் தறிக்குப் பாவு வந்து சேர்வதில்லை. மாற்றத்தை அறிந்து அதற்கேற்ப நெய்வதனாலேயே வந்து சேரும். இதனை மனத்திற்கொண்டு, இன்று இளம்பெண்கள் பெரிதும் விரும்பி அணியும் குர்த்தியைப் பற்றி நம் நெசவாளர்களுக்கும், பருத்தி விளைவிப்போர்க்கும், அவர்தம் இல்லத்தாருக்கும் சில செய்திகளைக் கூற விழைகின்றோம்.

வடநாட்டில் ஆடவரும் மகளிரும் நெடுங்காலமாக அணிந்துவரும் குர்த்தா என்னும் நீண்ட மேலங்கியின் மகளிர் வடிவமே குர்த்தி. மெல்லிய துணியில் வெண்ணூலால் பூவேலை செய்யும் லக்னோவின் சிக்கன் குர்த்திகள் நாடெங்கும் புகழ்பெற்றவை. அவ்வேலைப்பாடு 2008-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. அவ்வுடை இன்று தமிழ்நாட்டிலும் வேரூன்றிவிட்டது. கல்லூரி மாணவியும், அலுவலகம் செல்லும் பெண்ணும், வகுப்பறையில் நாள் முழுதும் நிற்கும் ஆசிரியையும் அதனை விரும்புவதற்குக் காரணங்கள் தெளிவானவை. உடுத்துவதற்கு நேரம் வேண்டுவதில்லை. பேருந்தில் ஏறி இறங்கத் தடையில்லை. துவைத்து உலர்த்துவதும் எளிது.

இதனால் புடவைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று கொள்ளலாகாது. திருமணத்திற்கும் திருநாளுக்கும் புடவையே இன்றும் முதலிடம் பெறுகிறது. ஆயினும், வாரத்தில் ஆறு நாள் அணியும் உடை நம் தறியை விட்டு அகன்று, என்றேனும் ஒருநாள் அணியும் உடை மட்டும் நம்மிடம் நின்றால், தறி ஆண்டு முழுதும் எவ்வாறு ஓடும்? கடைத்தெருவில் தொங்கும் குர்த்திகளை எடுத்துப் பாருங்கள். அவற்றுட் பெரும்பாலானவை ஆலைத் துணியாகவும், விசைத்தறித் துணியாகவும், அவற்றின்மேல் அச்சிட்ட பூக்களாகவுமே இருக்கக் காண்பீர்கள். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ்க் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட 11 இனங்களுள் ஆடைத் துணியும் ஒன்று. ஆனால் சட்டம் வேலி இடுமேயன்றி, வாங்குவோரை அழைத்து வராது. அவர்களை அழைத்து வர வேண்டியது துணியின் தரமே.

புடவைத் துணி வேறு, குர்த்தித் துணி வேறு

புடவைக்கு நெய்த துணியை அப்படியே வெட்டித் தைத்தால் குர்த்தி ஆகிவிடும் என்று எண்ணுவோர் உளர். அவ்வாறு தைத்ததில் குறை கண்டு, கைத்தறி நமக்கு ஒவ்வாது என்று ஒதுக்கியோரும் உளர். வேறுபாடுகள் மூன்றினை நாம் உணர வேண்டும்.

முதலாவது, நெசவின் நெருக்கம். புடவையில் தையல் இல்லை. குர்த்தியோ தோளிலும், அக்குளிலும், பக்கங்களிலும் தைக்கப்படுவது. கையை உயர்த்தும்போதெல்லாம் அத்தையல்கள் இழுபடும். ஊடை தளர்வாக அடிக்கப்பட்ட துணியில் இழைகள் நகர்ந்து தையலோரம் கண்ணியாகிவிடும். மேலும், புடவை உடலைச் சுற்றிப் பல மடிப்பாக அமைவது. குர்த்தி ஒற்றைத் துணி. ஆதலின் குர்த்தித் துணிக்கு அச்சிலும் ஊடையிலும் சற்று நெருக்கம் வேண்டும். இல்லையேல் உட்துணி வைத்துத் தைக்க நேர்ந்து, செலவும் புழுக்கமும் கூடும்.

இரண்டாவது, சுருக்கமும் சாயமும். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். புடவை ஓர் அங்குலம் சுருங்கினால் எவரும் அறியார். குர்த்தி சுருங்கினால் அணியவே இயலாது. ஆகவே கஞ்சி நீங்க நனைத்து உலர்த்திய பின்னரே துணியை வெட்ட வேண்டும். அன்றாடம் துவைக்கும் உடையாதலால் கெட்டிச் சாயமின்றி இதனை விற்பனைக்கு அனுப்புதல் தகாது. சாயம் விட்ட ஒரு குர்த்தி, பத்துப் பேரைக் கைத்தறியிலிருந்து விலக்கிவிடும்.

மூன்றாவது, கரை. புடவையின் அழகு கரையிலும் முந்தியிலும் நிற்பது. குர்த்தியின் அழகு கழுத்திலும், கையின் முடிவிலும், கீழ் ஓரத்திலும் நிற்பது. கரைத் துணியை நீளவாக்கில் வெட்டினால் கரை பக்கத் தையலுக்குள் மறைந்துவிடும். அதனைக் குறுக்குவாக்கில் திருப்பி வெட்டினால், ஒரு கரை கீழ் ஓரத்தில் அமையும். மற்றதை வெட்டியெடுத்துக் கைகளில் வைத்துத் தைக்கலாம். புடவைத் தறியின் 46 அங்குல அகலத்தில் இவ்வகையில் சுமார் 42 அங்குல நீளக் குர்த்தி கிடைக்கும். எனவே தறியை மாற்ற வேண்டுவதில்லை. பொதுவாக ஒரு குர்த்திக்கு இரண்டரை மீட்டர் துணி போதுமாதலால், ஐந்தரை மீட்டர்ப் புடவையின் நீளத்தில் இரண்டு குர்த்திகள் அடங்கும்.

ஆந்திர மாநிலத்து மங்களகிரி நமக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. உடலில் வேலைப்பாடின்றி, ஓரத்தில் மட்டும் ஜரிகைக் கரை ஓடும் அவ்வூர்ப் பருத்தித் துணி, புடவையோடு நில்லாமல் ஆடைத் துணியாகவும் நாடெங்கும் விலைபோகிறது. எளிய உடலும் சிறந்த கரையும் குர்த்திக்கு மிகவும் பொருந்துவனவாதலே இதன் காரணம்.

அன்றாட உடை

அன்றாட உடைக்கு விதி ஒன்றே: மேலங்கி, கீழாடை, துப்பட்டா ஆகிய மூன்றனுள் ஒன்றில் மட்டும் வேலைப்பாடு இருத்தல் வேண்டும். கட்டம் போட்ட குர்த்திக்கு வெள்ளை அல்லது சந்தன நிறக் கால்சட்டை பொருந்தும். கட்டத்தின்மேல் பூவும், பூவின்மேல் புள்ளியும் சேர்ந்தால் எதுவும் கண்ணில் நில்லாது. முழங்கால் அளவு நீளமும், முக்கால் கையும், இரு பக்கமும் வெட்டும் உடையதே நடமாட்டத்திற்கு ஏற்றது. இறுகிய லெக்கிங்ஸுக்கு நீண்ட குர்த்தியும், அகன்ற பலாசோவுக்குச் சற்றுக் குட்டையான குர்த்தியும் இசையும். நம் வெயிலுக்கு உடம்பை ஒட்டாத தையலே நலம். பக்கத் தையலில் ஒரு பை வைக்கத் தையற்காரரிடம் கூறுங்கள். கைப்பேசியும் பயணச்சீட்டும் வைக்க இடமில்லாத உடை உழைக்கும் பெண்ணுக்கு உதவாது.

இதற்கேற்ற நூல் எது என்பதைப் பருத்தி விளைவிப்போரும் அறிந்திருத்தல் நன்று. ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை நிற்குமோ அதுவே நூலின் நம்பர். அதாவது 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டு 33,600 கெஜம் நீளும். 60-ஆம் நம்பர் 50,400 கெஜம் நீளும். நீண்ட இழைப் பருத்தியே உயர்ந்த நம்பருக்கு இடங்கொடுக்கும். 1974-ஆம் ஆண்டு கோவையில் உருவாக்கப்பட்ட சுவின் மிக நீண்ட இழையுடையது. மென்மையான விழாக்காலத் துணிக்கு உகந்தது. கரிசல் நிலத்தில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணி குட்டை இழையினது; அதன் பருமனான துணி அன்றாடத் தளர்குர்த்திக்கு ஏற்றது. இரு பருத்திக்கும் இவ்வுடையில் இடமுண்டு.

விழாக்கால உடை

விழா என்றவுடன் விலையுயர்ந்த புதிய உடை ஒன்றைத் தேட வேண்டுவதில்லை. அன்றாடம் அணியும் ஒரே நிறக் குர்த்தியே, துணை மாறினால் விழாவிற்கும் பொருந்தும். கருநீலக் குர்த்தியின்மேல் ஜரிகைக் கரையிட்ட பட்டுத் துப்பட்டா ஒன்றை இட்டு, காதில் ஜிமிக்கியும் கூந்தலில் மல்லிகையும் சேர்த்தால், பொங்கலுக்கும் கோயிலுக்கும் அது குறைவற்ற உடையாகும். துப்பட்டாவில் ஜரிகை மிகுந்தால் கழுத்தணி வேண்டாம். குர்த்தியின் கழுத்தில் வேலைப்பாடு மிகுந்தால் துப்பட்டா எளியதாக இருக்கட்டும். தனியே விழாவிற்கென்று தைப்போர், கணுக்கால்வரை நீண்ட குர்த்தியைப் பருத்தியும் பட்டும் கலந்த துணியில் தைக்கலாம். அன்னையின் பழம்பட்டில் உடல் நைந்து கரை மட்டும் நன்றாயிருப்பின், அக்கரையைப் புதிய பருத்திக் குர்த்தியின் ஓரத்தில் தைத்துக்கொள்வது சிக்கனமும் அழகும் ஆகும். கெட்டிச் சாயத் துணியாயினும் முதன்முறை தனியே துவைத்து, உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி நிழலில் உலர்த்துக.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒரு நல்ல குர்த்திக்கு இரண்டு துப்பட்டா, அன்றாடத்திற்கு ஒன்று, விழாவிற்கு ஒன்று என்னும் முறையை நம் விற்பனை நிலையங்கள் வாங்குவோருக்கு எடுத்துக்காட்ட வேண்டும். துணியை மடித்து அலமாரியில் அடுக்கி வைத்தால் அது குர்த்தியாகும் அழகை எவரும் காண இயலாது. தைத்த மாதிரி ஒன்றேனும் கண்முன் தொங்க வேண்டும். துணியுடன் அதன் நீளம், அகலம், நூல் நம்பர், நனைத்ததா இல்லையா என்பவற்றைத் தமிழில் எழுதிய சீட்டு இணைத்தல் வேண்டும். 2006-ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரையும் உடன் இருப்பின், வாங்குவோர் போலியைக் கண்டு ஏமாறார்.

1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் சுதேசி இயக்கம் தொடங்கியதை நினைவுகூர்ந்து, 2015 முதல் அந்நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆடியில் வரும் அந்நாளில் மாதிரிகள் கண்காட்சிக்கு வர வேண்டுமாயின், ஆனியிலேயே பாவு ஏற்ற வேண்டும். ஆடியில் மாதிரி கண்டோர் கூறும் குறைகளை ஆவணியில் திருத்திக்கொண்டால், தீபாவளிக்கு முன் துணி கடைக்கு வந்துவிடும். சங்கத்திற்கு ஒரு பாவு என்ற அளவில் இவ்வாண்டு தொடங்கிப் பார்ப்போம். நம் தறியில் நெய்த துணியை நம் வீட்டுப் பெண்கள் திங்கட்கிழமைக் காலையிலும் அணிந்து செல்லும் நிலை வருமாயின், நெசவாளர் திருநாளை மட்டும் எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டிய நிலை நீங்கும்.