முப்பதுக்கு மேல் எம்.பி.பி.எஸ்.

நீட் தேர்வு முடிவுகளும் கவுன்சலிங்கும் நடக்கும் காலத்தில் நரைத்த தலை ஒன்று செய்தியாகிவிடுவது வழக்கமாகி வருகிறது. 2020இல் ஒடிசாவில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். 2022 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 61 வயதில் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுக் கவுன்சலிங் வரை வந்து, இளையவர் ஒருவருக்கு அந்த இடம் போகட்டும் என்று விலகிக்கொண்டார். 2025இல் 49 வயதுத் தாய் ஒருவர் மகளோடு சேர்ந்து நீட் எழுதி அரசுக் கல்லூரியில் இடம் பிடித்தார். இப்படி ஒரு செய்தி வந்தால் பாராட்டு ஒரு பக்கம், முணுமுணுப்பு ஒரு பக்கம்: படித்து முடிப்பதற்குள் வயது என்ன ஆகும், எத்தனை நாள் வைத்தியம் பார்ப்பார், ஒரு சின்னப் பையனின் இடம் போயிற்றே. இந்த வாதம் அறுபது வயதுக்காரரை வைத்தே நடப்பதால், பேச வேண்டியவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. முப்பதை ஒட்டி நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், பிளஸ் டூவில் இடம் கிடைக்காமல் வேறு பட்டம் வாங்கி வேலைக்குப் போனவர் ஆகியோரைத்தான் சொல்கிறேன். அந்த 49 வயதுத் தாய்கூட ஏற்கெனவே பிசியோதெரபிஸ்ட். அவருடைய வயதைவிட அதுதான் எனக்கு முக்கியமான செய்தியாகத் தெரிகிறது.

இவர்களுக்குச் சட்டப்படி இப்போது தடை இல்லை. 2018 ஜனவரியில் வந்த நீட் அறிவிக்கை பொதுப் பிரிவினருக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று உச்ச வயது வைத்தது. அந்த ஆண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. நவம்பரில் உச்ச நீதிமன்றம், வழக்கின் இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டு, 25 வயதைக் கடந்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றது. கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் கூடி உச்ச வயதை எடுத்துவிட முடிவு செய்தது. 2022 மார்ச்சில் அது அறிவிக்கப்பட்டது. 17 வயது நிறைந்தால் போதும், மேலே வரம்பில்லை. பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்களுக்கு இருந்த முட்டுக்கட்டையும் 2023 நவம்பரில் நீங்கியது. பள்ளிப் படிப்பை முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியிருந்தாலும் நீட் எழுதலாம். கதவு திறந்தாயிற்று. ஆனால் அதற்குள் நுழையும் பாதை இன்றும் பதினெட்டு வயதுக்காரரின் வாழ்க்கைக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கிறது என்பதுதான் என் வாதம். வயதில் மூத்தவர், அதிலும் மருத்துவமனையில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர், உள்ளே வர வேறொரு வழியும் வேண்டும்.

தாமதமாகப் படிக்க வந்தவர் மருத்துவத்துக்கு என்ன கொடுக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய சாட்சி இருக்கிறது. மேரி ஷார்லீப் 1845இல் பிறந்தவர். சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஆங்கிலேயரின் மனைவி. ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் பிரசவத்தில் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, முதலில் மருத்துவச்சிப் பயிற்சி எடுத்தார். அந்தப் பயிற்சி மட்டும் போதவில்லை. 1875இல், மூன்று குழந்தைகளுக்குத் தாயாக, முப்பது வயதில், சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்ட முதல் நான்கு பெண்களில் ஒருவராக உள்ளே போனார். 1878இல் தேறினார். பிறகு லண்டன் சென்று 1882இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே சென்னைக்குத் திரும்பி வந்தார். 1885இல் அவர் முயற்சியில் எழுந்ததுதான் திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் வாயில் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. உடல்நலம் கெட்டு 1887இல் இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகும் பல பத்தாண்டுகள் அங்கே மகப்பேறு மருத்துவராகவும் அறுவை மருத்துவராகவும் இருந்தார். பதினெட்டு வயதில் அவர் மருத்துவம் படித்திருந்தால் கோஷா ஆஸ்பத்திரி வந்திருக்குமா என்று யோசிக்க வேண்டும். இந்த ஊரில் கல்யாணமாகி வாழ்ந்து, பிள்ளை பெற்று, பிரசவ அறையில் நின்ற பிறகுதான் எது குறை என்று அவருக்குத் தெரிந்தது. இறையியல் அறிஞராகவும் ஆர்கன் இசைக் கலைஞராகவும் பேர் வாங்கிய பிறகு 1905இல் தம் முப்பதாவது வயதில் மருத்துவ மாணவரான ஆல்பர்ட் ஷ்வைட்சரும் அப்படித்தான். 1913இல் இன்றைய காபோன் நாட்டிலுள்ள லாம்பரேனேவுக்குப் போய் மருத்துவமனை தொடங்கி, 1965இல் தொண்ணூறு வயதில் அங்கேயே இறந்தார்.

மேதைகளை உதாரணம் காட்டினால் போதுமா, சாதாரண மனிதர்களுக்கு இது ஒத்துவருமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் மருத்துவம் படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும். அங்கே மருத்துவக் கல்லூரியில் நுழைபவர்களின் சராசரி வயதே ஏறத்தாழ 24. வேறு துறையில் பட்டம் வாங்கி வேலை பார்த்துவிட்டு, பிறகு வேதியியல், உயிரியல், இயற்பியல் பாடங்களை மட்டும் கல்லூரியில் திரும்பப் படித்துத் தயாராவதற்கென்றே தனித் திட்டங்கள் அங்கு பல்லாண்டுகளாக உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996இல் பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. சிட்னியும் குயின்ஸ்லாந்தும் அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தன. பிரிட்டனில் செயின்ட் ஜார்ஜ் கல்லூரி 2000இல் நான்கு ஆண்டுப் படிப்பைப் பட்டதாரிகளுக்கென்று திறந்தது. எந்தப் பாடத்தில் பட்டம் என்ற நிபந்தனைகூட அங்கே இல்லை. பள்ளியிலிருந்து நேராக வந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், இவர்கள் பொதுவாகச் சளைத்தவர்களாகத் தெரியவில்லை. மருத்துவத்தைப் பதினேழு வயதில் தொடங்கியாக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கமே தவிர, படிப்பின் இயல்பு அதைக் கேட்கவில்லை.

பொதுப்பணம் வீணாகுமே என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, அதன் மேல் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன். 32 வயதில் சேரும் ஒருவர் 38க்குள் மருத்துவராகிவிடுகிறார். தமிழ்நாட்டில் அரசுப் பணி ஓய்வு வயது 60. இடையில் 22 ஆண்டுகள். தனியாக கிளினிக் வைத்தால் அதற்கு மேலும் உழைக்கலாம். நாற்பதில் சேர்ந்தாலும் பதினான்கு ஆண்டுகள் மிஞ்சும். அறுபதில் சேருபவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அரசு இடம் ஒன்றை அவருக்குக் கொடுப்பதை நியாயப்படுத்துவது எனக்கும் கடினம்தான். ஆனால் அவரைக் காட்டி 32 வயதுக்காரரை மறுப்பது முறையல்ல. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதினெட்டில் சேர்ந்தவர் முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த மண்ணில் வைத்தியம் பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. வெளிநாட்டுக்குப் போவோரும், துறையை விட்டே போவோரும் உண்டு. ஊரில் வீடு, பள்ளியில் பிள்ளைகள், வயதான பெற்றோர் என்று வேர் பிடித்துவிட்டவர் அவ்வளவு எளிதில் கிளம்ப மாட்டார்.

உண்மையான சிக்கல் நுழைவுத் தேர்வில் இருக்கிறது. நீட் என்பது 180 நிமிடத்தில் 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறினால் ஒன்று கழியும். அதில் 45 கேள்விகள் இயற்பியல், 45 வேதியியல், 90 உயிரியல். எல்லாமே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். ஏழெட்டு ஆண்டு குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த நர்ஸ் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நீர் வற்றித் துவண்டு கிடக்கும் கைக்குழந்தையின் புறங்கையில் நரம்பு தேடி வென்ஃப்ளான் போடத் தெரியும். மூச்சு விடும் வேகத்தையும் உதட்டின் நிறத்தையும் பார்த்து, மானிட்டர் கத்துவதற்கு முன்பே டூட்டி டாக்டரைக் கூப்பிடத் தெரியும். எந்த மருந்து எந்த எடைக்கு எத்தனை மில்லி என்பது விரல் நுனியில் இருக்கும். இதற்கெல்லாம் நீட்டில் ஒரு மதிப்பெண் கிடையாது. சாய்தளத்தில் உருளும் உருளையின் முடுக்கம் என்ன என்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும், அதுவும் இரவு டூட்டி முடித்து வந்த கையோடு படித்து. இயற்பியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரத்த அழுத்தமும் எக்ஸ்ரேயும் இயற்பியல்தான். ஆனால் பள்ளிப் பாடம் எவ்வளவு புதிதாக நினைவில் இருக்கிறது என்பதையே ஒரே அளவுகோலாக வைத்தால், அதை விட்டுப் பத்தாண்டு ஆனவர் தோற்பது திறமைக் குறைவால் ஆகாது. தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழு 2021இல் மாநில நிலவரத்தை ஆராய்ந்தபோது, 2020-21இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் ஒரு முறைக்கு மேல் தேர்வெழுதியவர்கள் என்று கண்டது. நீட் வருவதற்கு முந்தைய 2016-17இல் அது 12 சதவீத அளவில்தான் இருந்தது. ஓராண்டு, ஈராண்டு சும்மா இருந்து கோச்சிங் போக வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தேர்வு வளைந்து கொடுக்கிறது. சம்பளத்தை விட்டால் அடுப்பெரியாத வீட்டில் அந்த ஓராண்டை யார் தருவார்கள்?

உள்ளே போன பிறகும் சுலபம் இல்லை. முதலாண்டின் உடற்கூறியல் மனப்பாடம் யாரையும் மலைக்க வைக்கும். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்க மேசையைச் சுற்றி நின்று, அக்குளில் பின்னிக் கிடக்கும் நரம்புக் கற்றையில் எது எந்தத் தசைக்குப் போகிறது என்று இழை இழையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மறுநாள் வாய்மொழித் தேர்வில் தன்னைவிட இளைய ஆசிரியர் கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். முதலாண்டுத் தேர்வைத் தேற நான்கு வாய்ப்புகள்தான், முழுப் படிப்பையும் ஒன்பது ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்று விதியும் இருக்கிறது. வயதானால் வேகமாக மனப்பாடம் செய்வது குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. நோயாளியை ஏற்கெனவே பார்த்தவருக்கு வேறொரு பிடிமானம் உண்டு: கை தொங்கிப்போன நோயாளியைப் படுக்கையில் புரட்டிப் போட்டவர் அந்த நரம்பின் பெயரை மறப்பது கடினம். இரவு டூட்டிகளை உடம்பு தாங்குமா என்கிறார்கள். முப்பது வயது நர்ஸ் இத்தனை காலம் செய்தது இரவு டூட்டிதானே? அவர் உடம்பு தாங்குமா என்று அப்போது யாரும் கவலைப்படவில்லை.

நர்ஸ்கள் எல்லோரும் டாக்டராகக் கிளம்பிவிட்டால் நர்ஸ் வேலைக்கு ஆள் எங்கே என்ற எதிர்ப்பு இவற்றைவிடக் கனமானது. நர்சிங் தனக்கென்று அறிவும் பெருமையும் கொண்ட தொழில். மருத்துவராக முடியாதவர்கள் தங்கும் இடமாக அதைப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலானோர் அதிலேயே தொடர விரும்புவார்கள், தொடரவும் வேண்டும். நான் கேட்பது சில பத்து இடங்கள். அந்த அளவுக்கு ஆட்கள் நகர்ந்தால் வார்டுகள் காலியாகிவிடாது. இளையவர்களின் இடம் பறிபோகிறது என்ற கவலைக்கும் அதே பதில்தான்.

இதற்கு முன்மாதிரியைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தமிழ்நாடு 50 சதவீத இடம் ஒதுக்குகிறது. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வேலை பார்த்தவரைப் படிக்க வைத்தால் அந்தப் படிப்பு அரசு மருத்துவமனைக்கே திரும்பி வரும் என்பதுதான் அதன் அடிப்படை. அதே 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டமானது. நீட் தேறியவர்களுக்குள்ளேயே தனிப் பட்டியல் போட்டதால், முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்டவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தால் போதும். அரசு மருத்துவமனைகளில் குறைந்தது ஐந்து ஆண்டு வேலை பார்த்த நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன் போன்றோரில் நீட் தேறியவர்களுக்குத் தனிப் பட்டியல். மாநில இடங்களில் அரை சதவீதம். 40 வயது வரம்பு. படிக்கும் காலத்துக்குப் பாதிச் சம்பளத்தோடு விடுப்பு. முடித்ததும் பத்து ஆண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வட்ட மருத்துவமனையிலோ வேலை செய்ய ஒப்பந்தம். கட்டணம் இவர்களுக்குப் பெரிய தடையாக இருக்காது, அரசுக் கல்லூரியில் அது குறைவு. ஐந்தரை ஆண்டு வீட்டுச் செலவுக்கு வழியில்லாததுதான் இவர்களைத் தடுக்கிறது, ஆகவே இந்தக் கோரிக்கைகளில் எதைக் குறைத்தாலும் பாதிச் சம்பள விடுப்பைக் குறைக்கக் கூடாது.