நஞ்சைத் தின்னும் கிருமி!

மெத்தனால்! அந்தப் பெயரை நம் மக்கள் பள்ளிப் பாடத்தில் படித்து அறியவில்லை. பிணக்கிடங்கு வாயிலில் கதறி நின்று அறிந்தனர். 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றாடக் கூலிக்கு முதுகொடிய உழைத்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். அவர்கள் குடித்த சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்.

அதே மெத்தனாலைச் சோறாக உண்டு, பிளாஸ்டிக்குக்கும் பெயிண்டுக்கும் மருந்துக்கும் வேண்டிய மூலப்பொருளை ஆக்கித் தரும் கிருமியை விஞ்ஞானிகள் உருவாக்கிவிட்டார்கள் என்றால், "கதை அளக்கிறார்கள்!" என்று சிரிப்போர் உண்டு. சிரிக்கட்டும். கதையல்ல தோழர்களே, கண்முன் நடந்திருக்கும் காரியம்!

மெத்தனால் எப்படிக் கொல்கிறது? நம் ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. மருத்துவக் கல்லூரிகளில் பிணம் அழுகாமலிருக்கப் பயன்படுத்துகிறார்களே, அதே பொருள்! அடுத்த படியில் அது ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்புக் கடியில் சுரீரென எரிகிறதே, அந்த அமிலம். அதற்கு மேல் விரைந்து மாற்றும் வலு நம் உடலுக்கு இல்லை. தேங்குகிறது அமிலம், கண் நரம்பைத் தாக்குகிறது, பார்வை மங்குகிறது, பின்னர் மூச்சு நிற்கிறது.

ஆனால், இலைமேலும் மண்ணிலும் வாழும் சில கிருமிகளுக்கு இது விருந்து! செடி வளரும்போது இலையிலிருந்து சிறிதளவு மெத்தனால் கசிகிறது. அதை உண்டே அவை வாழ்கின்றன. அவையும் முதற்படியில் ஃபார்மால்டிஹைடைத்தான் ஆக்குகின்றன. அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! அவற்றில் ஒரு சாரார் அந்த நஞ்சை ஒரு கணமும் தனியே திரியவிடுவதில்லை. ஃபார்மால்டிஹைடில் இருப்பது ஒரே ஒரு கரி அணு. ஐந்து கரி அணு கொண்ட சர்க்கரை ஒன்று காத்து நிற்கிறது. ஒற்றையாய் வந்ததைப் பிடித்து ஆறாவது ஆளாக வரிசையில் சேர்த்துக்கொள்கிறது. நஞ்சு சர்க்கரையாகிவிட்டது! இப்படி மூன்று முறை சுற்றினால், மூன்று கரி அணு கொண்ட சரக்கு ஒன்று மிச்சம். முதலும் குறையாமல் கைக்குத் திரும்புகிறது. கந்துவட்டிக்காரன்கூட இவ்வளவு கணக்காகத் தொழில் நடத்தியிருக்க மாட்டான்!

இந்த வித்தையை, நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலை என்ற கிருமிக்குக் கற்றுத்தர முயன்றனர். ஏன் அதற்கு? விஞ்ஞானிகள் நன்கறிந்த கிருமி அது. அதன் மரபணுக்களை வெட்டவும் ஒட்டவும் கை பழகியிருந்தது. வேறு கிருமிகளிலிருந்து மரபணுக்களை எடுத்துப் பொருத்தினர். பொருத்தியதும் உண்டுவிட்டதா? இல்லை. உள்ளே பிறந்த ஃபார்மால்டிஹைடு, கிருமியின் மரபுப்பொருளையும் புரதத்தையும் ஒன்றோடொன்று தைத்துக் கொன்றது. விடவில்லை அவர்கள். தலைமுறை தலைமுறையாக அதை மெத்தனாலோடு போராடவிட்டு, பிழைத்ததைப் பொறுக்கி வளர்த்தனர். தைவானில் ஜேம்ஸ் லியாவோவின் குழு 2020-இல் வெற்றி கண்டது: மெத்தனாலை மட்டுமே உண்டு வளரும் ஈ.கோலை! ஸ்விட்சர்லாந்தின் சூரிச்சில் யூலியா ஃபோர்ஹோல்ட்டின் குழுவும் தனி வழியில் அதே இடத்துக்கு வந்தது. சத்து நிறைந்த கரைசலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும் கிருமி, மெத்தனாலில் முதலில் எட்டு மணி நேரம் திணறியது. 2024-இல் சூரிச் குழு அதைச் சுமார் நான்கு மணிக்குக் கொண்டுவந்தது. அந்தக் கிருமியைக் கொண்டு லாக்டிக் அமிலம், ஒரு வகைப் பிளாஸ்டிக், பிசின்களுக்கான இட்டகோனிக் அமிலம் எனச் சில பொருள்களைச் சிறு அளவில் ஆக்கியும் காட்டியது.

சர்க்கரையைப் போட்டே கிருமியை வளர்க்கலாமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். வளர்க்கிறார்கள்தாம். அந்தச் சர்க்கரை கரும்பிலிருந்தும் சோளத்திலிருந்தும் வருகிறது. ஆலைக் கிருமிக்குப் போடும் பிடிச் சோளம், மனிதனுக்கோ மாட்டுக்கோ போகாத சோளம். மெத்தனாலுக்கு வயலும் வேண்டாம், வாய்க்காலும் வேண்டாம்.

ஆகா, அப்படியானால் நாளையே ஆலை எழும் என்று துள்ள வேண்டாம்! இங்கிலாந்தில் பில்லிங்காம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் பெரும் நிறுவனம், வட கடலில் கிடைத்த எரிவாயுவை மெத்தனாலாக்கி, அதில் இயற்கையான கிருமி ஒன்றை வளர்த்து, உலர்த்தி, கால்நடைக்கும் கோழிக்கும் தீவனமாக விற்கத் திட்டமிட்டது. புரூட்டீன் என்று பெயரிட்டது. நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் புரதம்! 1980-ஐ ஒட்டி எழுந்த ஆலையின் நொதிகலம் சுமார் 60 மீட்டர் உயரம். 15 லட்சம் லிட்டர் கொள்ளளவு. ஆண்டுக்கு 50,000 டன் தீவனம் ஆக்கும் அளவுக்குக் கட்டினர். கிருமி அமோனியாவைச் சேர்த்துக்கொள்ளும்போது சக்தியை வீணாக்குகிறதே என்று பார்த்து, சிக்கனமான வழிக்குரிய ஈ.கோலை மரபணு ஒன்றை ஆய்வகத்தில் அதற்குள் பொருத்தியும் காட்டினர். 1980-லேயே!

கிருமி ஏமாற்றவில்லை. பொறியியல் ஏமாற்றவில்லை. தீவனத்தில் குறையில்லை. வீழ்த்தியது விலை! 1973-இலும் 1979-இலும் எண்ணெய் விலை எகிறியது, எரிவாயுவும் அதனோடு ஏறியது, மெத்தனாலும் ஏறியது. சோயாப் பிண்ணாக்கோ மலிவாகவே சந்தைக்கு வந்தது. கோழிப் பண்ணைக்காரன் விஞ்ஞானத்தின் பெருமையைப் பார்த்தா தீவனம் வாங்குவான்? மூட்டை விலையைப் பார்ப்பான். ஆலை 1980-களிலேயே மூடப்பட்டது. மரபணுவைத் திருத்தத் தெரிந்தவர்களால் மெத்தனால் விலையைத் திருத்த முடியவில்லை.

ஒரே தோல்விக் கதையாகச் சொல்லிப் போவது நியாயமாகாது. அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனமும் 1970-களில் இதே தீவன ஆசையோடு, மெத்தனால் உண்ணும் ஈஸ்ட் ஒன்றை வளர்த்தது. பிக்கியா என்பது அதன் பெயர். தீவனக் கணக்கு அங்கும் கட்டுப்படியாகவில்லை. ஆனால், மெத்தனாலைக் கண்டதும் சில புரதங்களைக் குவிக்கும் குணம் அந்த ஈஸ்ட்டுக்கு உண்டு. அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டு, தங்களுக்கு வேண்டிய புரதத்தை அதனிடம் ஆக்கி வாங்கினர் விஞ்ஞானிகள். ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் வெளியிட்ட மஞ்சள்காமாலை 'பி' தடுப்பூசி, பிக்கியாவில் ஆக்கப்பட்டதே! வெளிநாட்டு ஊசியின் விலை கேட்டு மலைத்து நின்ற ஏழைத் தாய்க்கு எட்டும் விலையில் அது வந்தது. டன் கணக்கில் தீவனமாய் விற்றபோது நட்டம். துளிக் கணக்கில் மருந்தாய் வந்தபோது வாழ்வு. சூரிச் கிருமியை வைத்து ஆலை கட்ட வருவோர், எந்தச் சரக்கை முதலில் ஆக்கப்போகிறார்கள் என்பதை நாம் உற்றுப் பார்ப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மெத்தனால் எதிலிருந்து வருகிறது? உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் ஆகிறது. மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே. இந்தியாவோ தன் தேவையில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து கப்பலில் தருவிக்கிறது. துறைமுகத்தில் விலையேறினால் கிருமியின் சோற்றில் மண்!

புகைபோக்கியில் போகும் கரியமிலவாயுவைப் பிடித்து ஹைட்ரஜனோடு சேர்த்தாலும் மெத்தனால் ஆகும். ஐஸ்லாந்தில் பூமிச்சூட்டு மின்நிலையத்தின் வாயுவைக் கொண்டு, 1994-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலாவின் பெயரால் 2012-இல் ஆலை திறந்தனர். ஆண்டுக்கு 4,000 டன். அதே நுட்பத்தில் 2022-இல் சீனத்தின் ஆன்யாங் நகரில் எழுந்த ஆலைக்கு 1,10,000 டன் திறன். அங்கே கரியமிலவாயு சுண்ணாம்புச் சூளையிலிருந்து வருகிறது. ஹைட்ரஜன்? கல்கரி அடுப்பிலிருந்து! புகையைப் பிடிக்கிறது ஒரு கை. நிலக்கரியை அடுப்பில் தள்ளுகிறது மறு கை.