தூளி கட்டும் முன்னே

சென்னை நொச்சிக்குப்பத்தில் கடலுக்குப் போவது ஆண். வந்த மீனைக் காசாக்குவது பெண். லூப் சாலையில் 2024 ஆகஸ்டில் திறந்த மீன் அங்காடியில் ஒரு சுற்று வந்தாலே இது தெரியும். அதனால் இங்கே ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்றால், தூளியை எங்கே கட்டுவது என்று யோசிக்கும் முன்னே வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. கடையை யார் பார்ப்பது?

சாமான்களுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் புடவை தூளிக்கு ஆகும். கிழித்தால் இடுப்புத் துணி. சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பச்சை உடம்புக்காரிக்குப் பால் சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டாகக் கிளறிக் கொடுப்பது கடலோரத்துக் கைப்பக்குவம். ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் பாதரசம் சேர்கிறது. அடிக்கடி சாப்பிட நெத்திலியும் மத்தியும்தான் நல்லது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுவதும், நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பதும் பிள்ளைக்குக் கெடுதல். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்; தண்ணீர்கூட வேண்டாம். குளிப்பாட்டும்போது காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதையும் பாட்டிமார் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

1885-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, மக்கள் வாயில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். அதுபோன்ற அரசு மருத்துவமனைகளில் பிறந்த உடனேயே காசநோய், போலியோ, மஞ்சள் காமாலைக்கான தடுப்பு மருந்துகளைக் கொடுத்துவிடுகிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைத் தாய்மாருக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் உண்டு. அதற்குக் கர்ப்பம் தெரிந்ததுமே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

மீண்டும் கடைக்கே வருவோம். மகப்பேறு விடுப்புக்கான சட்டம் நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. கூறு போட்டு மீன் விற்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரு நாள் உட்காராவிட்டால் அன்றைய வரும்படி போச்சு. பலர் சீக்கிரமே கடைக்குத் திரும்பிவிடுவதும், பிள்ளைக்குப் புட்டிப்பால் வருவதும் இதனால்தான்.

ஆகவே வளைகாப்புக்கு உறவெல்லாம் கூடும் நாளிலேயே மாமியாரும் நாத்தனாரும் அக்காமாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்: தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் அந்த ஆறு மாதமும் யார் யார் எந்தெந்த நாள் கடையில் உட்காரப்போகிறீர்கள்?