நெருப்பை நெருப்பால்...

சென்ற புரட்டாதியில் ஒருநாள் என் மகள் ஆங்கிலப் பாடக் கொப்பியுடன் குசினிக்குள் வந்தாள். 'ஃபைட் ஃபயர் வித் ஃபயர்' என்ற தொடரை நேர்ப்பொருளிலும் உருவகப் பொருளிலும் வைத்து இரண்டு வாக்கியங்கள் எழுத வேண்டுமாம்.

"இதென்ன பெரிய காரியம்? ஒருத்தர் ஏசினால் நாங்களும் திருப்பி ஏசுறது. முள்ளை முள்ளால எடுக்கிற மாதிரி" என்றேன், பருப்பைத் துழாவியபடி.

"அது உருவகம் அம்மா. உண்மையா நெருப்பை நெருப்பால ஆரும் அணைப்பினமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருவருமாகத் தேடி வாசித்தோம்.

1949 ஆகஸ்ட் 5ஆம் திகதி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் காட்டுத் தீ. அதை அணைக்கப் பரசூட்டில் குதித்தவர்கள் 15 பேர். அங்கே முன்பே நின்ற காவலரோடு 16 பேர். காற்று வீச, தீ அவர்களைத் துரத்தத் தொடங்கியது. செங்குத்தான சரிவில் மேல்நோக்கி ஓடினார்கள். தீயோ மேட்டில் ஏறும்போதுதான் இன்னும் வேகமெடுக்கும்.

தலைவர் வாக்னர் டொஜ் ஓட்டத்தை நிறுத்தினார். தீக்குச்சியைக் கிழித்துத் தன் முன்னால் இருந்த காய்ந்த புல்லுக்கு வைத்தார். அது எரிந்து மேலே போக, கருகிய இடத்துக்குள் புகுந்து, நனைத்த கைக்குட்டையால் வாயை மூடிக் குப்புறப் படுத்துக்கொண்டார். மற்றவர்களையும் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. மனுசனுக்குப் பைத்தியம் என்று நினைத்தார்களோ என்னவோ! நானாக இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன்.

பெரிய தீ வந்தது. அவர் கிடந்த இடத்தில் எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அவர் எழுந்து நடந்தார். பாறை இடுக்கால் ஏறித் தப்பிய இருவரைத் தவிர, 13 பேர் மாண்டுபோனார்கள்.

கவனித்தீர்களா சகோதரிகளே? வந்த தீயின் மேல் அவர் தீயை எறியவில்லை. தன் காலடிப் புல்லைத்தான் எரித்தார். நான் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு!

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. பக்கத்து வளவு என் மச்சாளுடையது. போன மாரியில் வேலி அடைத்ததிலிருந்து எங்களுக்குள் கதைபேச்சு இல்லை. அவ ஒன்று சொன்னால் நான் இரண்டு சொன்னேன். கதியாலை அவவின் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டது நாங்கள் பிடித்த ஆள்தான். அது எனக்கு முதல் நாளே தெரியும். அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

விடிந்ததும் போய், "மச்சாள், பிழை எங்கட பக்கம்தான்" என்றேன். அவ ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டா.

ஐப்பசி மழை விழுந்ததும் ஆள் பிடித்துக் கதியாலைப் பிடுங்கி மாற்றி நட்டோம். மச்சாள் வந்து பார்த்துக்கொண்டு நின்றா. கடைசிக் கதியாலுக்குக் குழி கிண்டும்போது அந்த ஆளிடம் சொன்னா: "அதை நாலு விரல் எங்கட பக்கமாய் நடு தம்பி. அவளின்ர கறிவேப்பிலை மரத்தின்ர வேர் அறுந்து போடும்."