எல்லையில் நின்ற தெய்வம்

மரத்தடியில் ஒரு கல், அருகே நட்ட சூலம்: மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் முனியாண்டிக்கு அமைத்த கோயில் பெரும்பாலும் இவ்வளவே. காடு திருத்தியோர்க்குப் பாம்பும் காய்ச்சலும் அச்சம் தந்தன. ஆதலின் காவல் தெய்வத்தை நாடினர். படையலில் சுருட்டு எதற்கென்று மாணவர் வினவுவர். காவற்காரருக்குப் பிடித்தது காவல் தெய்வத்துக்கும் உண்டு!

பிரான்சின் தெற்கே ஓர் ஊற்றில் உறைந்த நெமௌசஸ் என்னும் தெய்வமும் இத்தகையதே. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன், ரோமர் அதனை அகற்றாது ஊற்றைச் சுற்றிக் கட்டடங்கள் எழுப்பினர். வழிபாடு மறைந்தது, நீம் என்னும் நகர்ப்பெயரில் அத்தெய்வத்தின் பெயர் நிலைத்தது.

நம் தெய்வங்களுக்கு அவ்வாறு ஊர்ப்பெயரும் இல்லை. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் பல துண்டாடப்பட, லயத்து மக்கள் பெயர்ந்தனர். பாலிக் புலாவ் வட்டாரத்தில் எம்மரத்தடியில் எத்தெய்வம் இருந்ததென்று மாணவர்கள் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதித் தந்தால், பள்ளி நூலகத்தில் சேர்த்து வைப்போம்.