ஆலைக்குப் போன சத்து

விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் அரவைக் காலத்தில் போனால், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். எடை போட்டுக் கரும்பை இறக்கியதும் பெரும்பாலான வண்டிகள் வெறுமையாகவே ஊர் திரும்புகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மூட்டையாகிப் போகும் சர்க்கரையில் வயலின் சத்து அநேகமாக எதுவுமே இல்லை. காற்றின் கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு வெயிலில் இலை சமைத்தது அது. வேர் மண்ணிலிருந்து இழுத்துக் கரும்பில் சேர்த்ததில் பெரும்பகுதி ஆலையின் பின்கட்டில் கிடக்கிறது. சாற்றைச் சுண்ணாம்பிட்டுத் தெளிய வைக்கும்போது மணிச்சத்து, வடிகட்டியில் தங்கும் கசடான பிரஸ்மட்டில் படிந்துவிடும். சாம்பல் சத்து கழிவுப்பாகிலும் சக்கைச் சாம்பலிலும் தங்கும்.

அடியுரமாக ஹெக்டேருக்கு 37.5 டன் பிரஸ்மட் இடலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு 15 டன். ஆனால் அரைக்கும் கரும்பில் 3 முதல் 4 சதவீதம்தான் பிரஸ்மட்டாகிறது. 40 டன் விளைந்த ஏக்கரின் பங்கு ஏறத்தாழ ஒன்றரை டன்தான். அதாவது, ஒரு வயலுக்கு முழு அளவு கிடைக்க வேண்டுமென்றால் பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். கிடைத்தாலும் சுடச்சுடக் கொட்டக் கூடாது. அதிலுள்ள மெழுகு எளிதில் மக்காது. மக்கும்போது சூடு கிளம்பும், பயிருக்கான தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம் ஈரம் காத்துக் குவித்து வைத்தால்தான் அது எரு.

மீதி ஒன்பது வருஷக் கதை சோகையில் இருக்கிறது. வெட்டு முடிந்ததும் வயலில் கிடக்கும் அந்தக் காய்ந்த இலைக்கு நாம் தீ வைக்கிறோம். தழைச்சத்து ஏறக்குறைய முழுதும், கந்தகத்தில் பெரும்பகுதியும் புகையோடு போய்விடுகின்றன. வெட்டுக் கூலியும் ஆள் தட்டுப்பாடும் கொளுத்தச் சொல்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் கட்டைக் கரும்பின் பார் இடைவெளியில் சோகையைப் பரப்பி, மக்குவதற்குக் கொஞ்சம் யூரியா தூவினால், ஈரம் நிற்கும், களை அடங்கும், மண்ணுக்குக் கரிமம் சேரும்.

அந்தக் கரிமம் ஏன் இவ்வளவு முக்கியம்? சுண்ணாம்பு மண்ணில் நிற்கும் கட்டைக் கரும்பைப் பாருங்கள். இளந்தோகையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிர் மஞ்சளாகவும் கோடு விழும். முற்றினால் தோகை முழுதும் வெள்ளையாகிவிடும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைக் கரையவிடாமல் பூட்டி வைத்திருக்கிறது. மக்கிய எருவிலிருந்து வரும் அமிலங்கள்தான் அந்த இரும்பைப் பற்றிக்கொண்டு வேருக்குக் கொண்டுபோகும். வெறும் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, மண்ணில் வீசினால் அதுவும் பூட்டப்பட்டுவிடும்.

அதனால்தான் நுண்ணூட்டக் கலவையை எருவோடு சேர்த்து ஊட்டமேற்றச் சொல்கிறார்கள். ஹெக்டேருக்கு அன்னபேதி 20 கிலோ, மாங்கனீசு சல்பேட் 10, துத்தநாக சல்பேட் 10, மயில்துத்தம் 5, வெண்காரம் 5. இதை 100 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, லேசான ஈரத்துடன் நிழலில் ஒரு மாதம் வைத்து இட வேண்டும். தோகை ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? 100 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ அன்னபேதியும் 100 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து உடனே தெளியுங்கள். கரைசல் துருநிறமாக மாறிவிட்டால் பயனில்லை.

இப்போது பிரஸ்மட்டுக்குப் புதிய போட்டி வந்திருக்கிறது. மத்திய அரசு 2018-இல் 'சதத்' திட்டத்தைத் தொடங்கியபின், வாகனங்களுக்கான உயிர்வாயு தயாரிக்கவும் அதை வாங்குகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வாயுவாகப் போவது பெரும்பாலும் கரிமம்தான்; அதைச் சோகையாலும் மண்ணுக்குச் சேர்க்கலாம். மணிச்சத்தும் இரும்பும் துத்தநாகமும் எஞ்சிய கசடிலேயே இருக்கின்றன. கரும்பு கொடுத்தவருக்கு அந்தக் கசடில் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்க வேண்டிய நேரம் இது. ஏற்றிவர வண்டிகள் ஆலை வாசலிலேயே நிற்கின்றன.